கடையில போய் "பேன்"னு மட்டும் சொல்லாதீங்க: கத்தரி, மிளகா, மல்லிப்பூ, தென்னையில சிலந்திப்பேன் பாக்குற வழி

மாசி பொறந்துட்டா போதும், என் போனுக்கு இலை போட்டோவா வர ஆரம்பிச்சுடும். கொள்ளிடப் படுகையில ரெண்டு மா (எங்க பக்கத்து நெலக் கணக்கு) கத்தரி, ஒரு மா மிளகா, வீட்டுக் கொல்லையில பத்து தென்னை, வரப்போரமா கொஞ்சம் மல்லிப்பூச்செடி, இதுதான் நம்ம சொத்து. விவசாயம் படிச்சவன் கிடையாது, ஆனா இந்தப் பேனோட பதினோரு வருசமா மல்லுக்கட்டி மூணு தடவ முழுசா தோத்ததுல எதுக்கு எது கேக்கும் எது கேக்காதுன்னு ஓரளவு பிடிபட்டுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்ட கட்டுனதுதான் மிச்சம், அதான் எழுதியே வெச்சுடலாம்னு.

முதல்ல ஒரு பேர்க் குழப்பம். நாம பேன்னு ரெண்டு சாமானையும் சேத்துச் சொல்றோம். இலைப்பேன் வேற, அது ஆறு கால் பூச்சி. சிலந்திப்பேன் வேற, அது எட்டு கால், சிலந்தி சாதி, சில ஊர்ல செஞ்சிலந்தின்னும் சிவப்புப் பேன்னும் சொல்லுவாங்க. "அண்ணே, செடியில பேன் விழுந்துடுச்சு"ன்னு உரக்கடையில போய் நின்னா, அவரு இலைப்பேன்னு நெனச்சு இமிடாகுளோபிரிட்ட எடுத்து மேஜை மேல வெப்பாரு. அவரு மேல தப்பில்ல, நாம சொன்னது அப்படி. ஆனா அந்த மருந்து சிலந்திப்பேன ஒண்ணும் பண்ணாது, அதத் தின்னுக்கிட்டு இருந்த நல்ல பூச்சிதான் சாவும், பத்தே நாள்ல முன்ன இருந்தத விட ரெண்டு மடங்கா நிக்கும். நான் தோத்த மூணு தடவையில ஒரு தடவ இப்படித்தான்.

## எதுக்கும் முன்னாடி: பேப்பர் டெஸ்ட்

பழைய கல்யாணப் பத்திரிகை ஒண்ணு எடுத்துக்கங்க, அதுல ஒண்ணும் அச்சடிக்காத வெள்ளப் பக்கம் இருக்கும்ல, அத இலைக்கு அடியில புடிச்சு இலைய நாலு தட்டு தட்டுங்க. தூசி மாதிரி கொஞ்சம் விழும். ஒரு நிமிசம் அப்படியே வெச்சுப் பாருங்க. தூசின்னா கிடந்த எடத்துல கிடக்கும். பேன்னா குண்டூசி முனையளவு புள்ளி மெதுவா ஊரும், வெளிர் பச்சையா ரெண்டு பக்கமும் கருப்புப் பொட்டு வெச்சாப்ல இருக்கும், இல்லன்னா செங்கல் நெறத்துல இருக்கும். விரலால ஒரு இழு இழுத்தா பேப்பர்ல கோடு விழும்.

ஊராம விறுவிறுன்னு ஓடுதா, பொட்டு கிட்டு இல்லாம பளபளன்னு கொய்யாப்பழ ஷேப்புல இருக்கா? அது நம்ம ஆளு, பேனத் தின்னுற பேன். அது நாலஞ்சு கண்ணுல பட்டா மருந்து பாட்டில தொறக்காதீங்க, ஒரு வாரம் பொறுங்க. குட்டையா இல்லாம நீளமா, சீரகத்த நறுக்கிப் போட்ட துணுக்கு மாதிரி இருந்தா அதுதான் இலைப்பேன்.

கண்ணு சரியாத் தெரியாதவங்க போன் கேமரா கண்ணாடி மேல ஒரே ஒரு சொட்டு தண்ணி வெச்சுட்டு கிட்ட கொண்டு போங்க, பெருசாத் தெரியும். பத்து மடங்கு காட்டுற கைலென்ஸ் ஒண்ணு வாங்கி சட்டப்பையில போட்டு வெச்சா இன்னும் நல்லது, ஒரு பாட்டில் மருந்து வெலைக்கு ரெண்டு மூணு லென்ஸ் வாங்கிடலாம்.

## அறிகுறி 1: கத்தரி, வெண்டை இலையில பொடிப்பொடியா வெள்ளப் புள்ளி, தூரத்துல பாத்தா சாம்பல் பூத்தாப்ல

இலையத் திருப்புங்க. இத நான் ஒரு நாளைக்கு பத்து பேருக்குச் சொல்றேன், எல்லாரும் மேல் பக்கத்தத்தான் போட்டோ எடுத்து அனுப்புறாங்க. குடும்பம் நடத்துறது அடியில.

அடியில ஒண்ணுமே இல்ல, இலை ஓரம் மட்டும் மஞ்சளாகி மேல் பக்கமா கிண்ணம் மாதிரி மடங்குது: இது தத்துப்பூச்சி. செடிய லேசா உலுக்குனா பச்சையா கோணலா நடந்து போவும். பேனுக்கான மருந்து வேணாம்.

அடியில கருப்புக் கருப்பா எச்சம் ஒட்டிக் கெடக்கு, இலை திட்டுத்திட்டா மஞ்சள்: கத்தரியில வர்ற கண்ணாடி றெக்கப் பூச்சி, இதுவும் பேன் இல்ல.

அடியில பேன் ஊருது, அது கட்டுற நூலாம்படை இன்னும் இல்ல, ரோட்டோர வரிசை இல்லன்னா மண் பாதையோர வரிசையில மட்டும்: நல்ல நேரத்துல பாத்துட்டீங்க. தூசி படியுற வரிசையிலயும் தண்ணி பத்தாத மேட்டுலயும்தான் இது முதல்ல குடியேறும். காசு செலவில்லாத வைத்தியம், தண்ணி. மோட்டார் போட்டு பைப் வாய விரலால அழுத்திப் புடிச்சு கீழேருந்து மேல் நோக்கி இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி வேகமா பீச்சணும், மூணு நாளைக்கு ஒரு தடவையா மூணு தடவ. காலையில பண்ணுங்க, சாயங்காலத்துக்குள்ள இலை காஞ்சுடும். அடி இலை நாலஞ்சு மோசமா இருந்தா கிள்ளி சாக்குல போட்டு அப்படியே கொண்டு போய்க் கொளுத்துங்க, வரப்புல வீசுனா மறுநாளே ஏறி வந்துடும்.

வயல் பாதி புள்ளியாயிடுச்சு, ஒண்ணு ரெண்டு செடியில நூல் தெரியுது: வேப்பங்கொட்டைக் கரைசல். அரைக் கிலோ பருப்ப இடிச்சு துணியில கட்டி ராத்திரி முழுக்க ஊறப்போட்டு காலையில பிழிஞ்சு வடிகட்டி பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு அன்னைக்கே அடிச்சுடணும், மறுநாளைக்கு வெச்சா வேலைக்கு ஆவாது. கொட்டை கிடைக்கலன்னா வேப்பெண்ணெய், லிட்டருக்கு அஞ்சு மில்லி, ஆனா முதல்ல சோப்ப தண்ணியில கலக்கிட்டு அப்புறம்தான் எண்ணெய ஊத்தணும், மாத்தி ஊத்துனா எண்ணெய் மேல மெதந்துக்கிட்டு கடைசி டேங்க் அடிக்கிற செடியெல்லாம் கருகும்.

இதுக்கும் அடங்கலன்னா நனையும் கந்தகம், 80 சதம் தூள், லிட்டருக்கு ரெண்டு கிராம். மலிவு, நல்லாவும் கேக்கும், ஆனா ரெண்டு விசயம். ஒண்ணு, வெயில் கொளுத்துற நேரத்துல அடிக்காதீங்க, சாயங்காலம் நாலரைக்கு மேலதான். இன்னொண்ணு, எண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆவாம கந்தகம் கூடாது. நான் ஒரு சித்திரையில கத்தரிக்கு அடிச்சது போக மிச்சம் இருந்த கால் டேங்க வீணாக்குவானேன்னு மத்தியானம் பந்தல்ல இருந்த பீர்க்கங்கொடிக்கு அடிச்சு விட்டேன், பூசணி, பீர்க்கு, புடலை சாதிக்கெல்லாம் கந்தகம் ஆவாதுன்னு அப்ப தெரியாது, மூணாம் நாள் இலை அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. அத்த இன்னும் அதச் சொல்லிக் காட்டும்.

செடி முழுக்க நூல் சுத்தி, நுனியில பேன் கொத்தா தொங்குது: இங்கதான் காசு. கடையில "சிலந்திப்பேன் மருந்து குடுங்க, கத்தரிக்கு"ன்னு பயிர் பேரச் சொல்லிக் கேளுங்க. ஸ்பைரோமெசிஃபென், புரோபர்கைட், ஃபெனாசாக்குயின், இதுல ஒண்ணு. அளவும் அடிச்சு எத்தன நாள் கழிச்சு காய் பறிக்கலாங்குறதும் லேபிள்லயே இருக்கும், கடைக்காரர் வாயால சொல்ற "ரெண்டு மூடி" கணக்க நம்பாதீங்க. பெரியவங்க இன்னும் கெல்தேன் கேட்டுப் போறாங்க, அந்த டைகோஃபால் மருந்த 2023லயே தடை பண்ணியாச்சு, பழைய ஸ்டாக்க யாராவது நீட்டுனாலும் வாங்காதீங்க. ரொம்ப முத்திப்போன செடி பத்து இருவதுன்னா மருந்து கூட வேணாம், புடுங்கிக் கொளுத்துறதுதான் லாபம்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, விழுந்த புள்ளி திரும்பப் பச்சையாவாது. பேன் செத்தாலும் அந்த இலை அப்படியேதான் இருக்கும். கேட்டுச்சா இல்லையான்னு புதுத் துளிரப் பாத்துதான் சொல்லணும்.

## அறிகுறி 2: மிளகா சுருட்டை

எல்லாத்துக்கும் சுருட்டைன்னே பேரு, ஆனா இதுக்குள்ள நாலு வியாதி இருக்கு. எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க.

மேல் நோக்கி, படகு மாதிரி: இலைப்பேன். பேப்பர்ல நீளத் துணுக்கு விழும்.

கீழ் நோக்கி, கவுத்துப் போட்ட படகு மாதிரி, இலை சிறுத்து காம்பு மட்டும் எலிவால் கணக்கா நீளுது, அடிப்பக்கம் பளபளன்னு தாமிர நெறம்: இதுதான் மிளகா சிலந்திப்பேன், முரணைன்னு சொல்றது. இது கத்தரிப் பேன விடப் பொடிசு, வெறும் கண்ணுக்குத் தெரியாது, நூலும் கட்டாது. லென்ஸ்ல கொழுந்துக்குள்ள பாத்தா கண்ணாடிச் சொட்டு மாதிரி முட்டை, அது மேல வரிசையா வெள்ளப் பொட்டு, அழகா இருக்கும், எரிச்சலா வரும். வெள்ளை ஈ காலப் புடிச்சுக்கிட்டு செடிக்குச் செடி போவும்கிறதால வெள்ளை ஈயையும் சேத்துக் கவனிக்கணும்.

இலை குட்டியாகி நரம்பு தடிச்சு, செடியே குட்டையா புதர் மாதிரி நிக்குது, பூ இல்ல: வைரஸ். இதுக்கு மருந்தே கிடையாது, எந்தக் கடையில என்ன சொன்னாலும். செடியப் புடுங்குங்க.

எல்லாச் செடியும் ஒரே நாள்ல, ஒரு பக்கத்து வரிசையிலருந்து ஆரம்பிச்சு கோணிக்கிட்டு, இலை நார் நாரா ஒடுங்குது: இது பேனே இல்ல, களைக்கொல்லி.

இந்த நாலாவதப் பத்தி கொஞ்சம் சொல்லணும், நம்ம டெல்டாவுல இது சாஸ்தி, யாரும் சந்தேகப்படவே மாட்டாங்க. பக்கத்து வயல்ல நெல்லுக்கு 2,4-டிங்குற களைக்கொல்லி அடிப்பாங்க, காத்து நம்ம பக்கம் திரும்பும். இல்லன்னா அதவிட மோசம், அதே டேங்க். நான் ஒரு வருசம் சித்தப்பாகிட்ட டேங்க் இரவல் வாங்கி மிளகாய்க்கு வேப்பெண்ணெய் அடிச்சேன். அஞ்சாவது நாள் செடியெல்லாம் கழுத்து திருகுன மாதிரி கோணிக்கிச்சு. பேன்தான்னு முடிவு பண்ணி ரெண்டு தடவ மருந்து வாங்கி அடிச்சேன், ஒண்ணும் ஆவல. அப்புறம் ஒரு நாள் வாய்க்கா மதகுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கைல,

"சித்தப்பா, அந்த டேங்க்ல கடைசியா என்ன அடிச்சீங்க?"

"கோரைக்கு அடிச்சேன்டா தம்பி. கழுவித்தான வெச்சேன்."

"என்னத்துல கழுவுனீங்க?"

"வாய்க்காத் தண்ணியிலதான். ரெண்டு அலசு."

ரெண்டு அலசுக்கெல்லாம் அந்தக் களைக்கொல்லி போவாது. ஓஸ்குள்ள, நாசில் வாசர்குள்ள ஒளிஞ்சுக்கும். மிளகா, வெண்டை, பருத்திக்கெல்லாம் அதுல சொட்டு போதும். அன்னைலேருந்து களைக்கொல்லிக்கு தனி டேங்க், மேல சிவப்புப் பெயின்ட் அடிச்சு மாட்டுக்கொட்டாயில தனியாத் தொங்குது. லேசாப் பட்ட செடின்னா தண்ணியும் கொஞ்சம் உரமும் குடுத்து ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க, புதுக் கொழுந்து நேரா வந்தா பொழச்சுது.

முரணைதான்னு உறுதியாயிட்டா, முதல் வேலை நுனிக் கொழுந்து சுருண்ட செடிய அடையாளம் வெச்சு நுனியக் கிள்ளி எரிக்கிறது. அப்புறம் கந்தகம், மேல சொன்ன அதே கட்டுப்பாட்டோட. வயல்ல பத்துச் செடிக்கு ரெண்டு மூணுல தெரிஞ்சா மட்டும் சிலந்திப்பேன் மருந்து. சுருண்ட இலை நிமிராது, திரும்பத் திரும்பச் சொல்றேன், பத்து பதினஞ்சு நாள் கழிச்சு வர்ற கொழுந்தப் பாருங்க. நிமிரலையேன்னு நாலாவது நாளே வேற பாட்டில் வாங்கி அடிக்கிறதுலதான் பாதிக் காசு போவுது.

## அறிகுறி 3: மருந்து அடிச்சாச்சு, கொறையல, இல்ல கூடிடுச்சு

மருந்து போலின்னு உடனே சொல்லாதீங்க. முதல்ல கை வேலையப் பாருங்க.

அடியில பட்டுச்சா? இதுக்கு நான் ஒரு வேலை பண்ணுவேன். வெறும் தண்ணியில சொட்டு நீலம் கொஞ்சம் ஊத்தி, வெள்ளப் பேப்பர் துண்டு நாலு எடுத்து இலையோட அடிப்பக்கத்துல குண்டூசியால குத்தி வெச்சுட்டு, வழக்கமா அடிக்கிறவர விட்டே வழக்கம்போல அடிக்கச் சொல்லுவேன். பேப்பர்ல நீலப் புள்ளி நெருக்கமா இல்லன்னா அடிச்ச மருந்தும் அப்படித்தான் போயிருக்கும். எங்க வயல்ல முதல் தடவ பாத்தப்ப நாலு பேப்பர்ல மூணு பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சு, மருந்தடிக்கிற தம்பிக்கு மொகம் சுருங்கிப் போச்சு. நாசில மேல் பாத்து வளைச்சு புடிக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவ அடிச்சீங்களா? கோடையில முட்டையிலருந்து முட்டையிடுற பேன் ஆவுறதுக்கு எட்டுப் பத்து நாள் போதும். பல மருந்து முட்டையக் கொல்லாது. ஆறேழு நாள் கழிச்சு இன்னொரு தடவ பேப்பர் தட்டிப் பாத்து, குஞ்சு ஊருனா அடிங்க.

அதே மருந்தையே நாலாவது தடவயா? மாத்துங்க. பேரு மாறுனா மட்டும் போதாது, கம்பெனி பேரு வேற, உள்ள இருக்குற மருந்து ஒண்ணாவே இருக்கும், பாட்டில் பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்குறதப் படிங்க.

காய்ப்புழுவுக்கு சைபர்மெத்ரின் மாதிரி எதாவது நடுவுல அடிச்சீங்களா? அப்ப காரணம் அதுதான். நல்ல பேன், பொடிக் கருப்பு வண்டு எல்லாத்தையும் அது தொடச்சு எடுத்துடும். அத நிறுத்துனாலே பாதி சரியாவும்.

இது நாலும் சரியா இருந்தும் கேக்கலன்னா அப்பதான் மருந்துமேல சந்தேகப்படணும், பில்லோட போய்க் கேளுங்க. பில்லு வாங்கலையா, சரி விடுங்க.

## அறிகுறி 4: மல்லி, முல்லை இலையிலயும் மொட்டுலயும் வெள்ளையா வெல்வெட்டு மாதிரி

சாம்பல் நோய்னு நெனப்பாங்க. விரலால தேய்ங்க. மாவா உதிர்ந்தா பூஞ்சாணம். தேச்சாலும் போவாம கம்பளி கணக்கா இலையோட ஒட்டிக்கிட்டே இருந்தா அது பேன் பண்ற வேலை, பேன் குத்துறதுல இலையே வளக்குற முடி அது. அந்தக் கிளைய வெட்டி எரிச்சுட்டு கந்தகம் லிட்டருக்கு ரெண்டு கிராம், ரெண்டு வாரம் விட்டு இன்னொண்ணு. கவாத்து பண்ணப் போறீங்கன்னா வெட்டுனதும் துளிர் வர்றப்ப அடிக்கிறது இன்னும் நல்லாப் புடிக்கும். பூ பறிக்கிற பொம்பளைங்க வேலைய முடிச்சுட்டுப் போன அப்புறம் சாயங்காலம் அடிங்க, காலையில கை வெச்சு மூஞ்சியத் தொடைக்கிறது அவங்கதான்.

## அறிகுறி 5: தேங்காய் சொறி புடிச்சு சிறுத்துப் போவுது

குரும்பையோட தொப்பிக்குக் கீழ வெளுப்பா முக்கோணமா ஒரு பட்டை, அது பழுப்பாகி, காய் பெருசாவ ஆவ வெடிச்சு சொறியா நிக்கும், சிலதுல பிசின் வழியும். இது ஈரியோபைட் சிலந்தி, நம்ம நாட்டுல முதல்ல 1998ல கேரளாவுலதான் கண்டுபுடிச்சாங்க, அப்புறம் நம்ம பக்கமெல்லாம் வந்துடுச்சு. தொப்பிக்கு அடியில ஒக்காந்துக்கும், அதனால மேலோட்டமா எது அடிச்சாலும் படாது.

ஓலையில கருப்பா புகை படிஞ்ச மாதிரி இருக்கா? அது சுருள் வெள்ளை ஈ, வேற கதை.

முதல்ல உரம். கஜா புயலுக்கப்புறம் தப்பிச்ச மரத்துக்கு ஒண்ணுமே வெக்காம வெறும் மருந்து கேக்குறவங்கதான் அதிகம். மரத்துக்கு வருசத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, இத ரெண்டாப் பிரிச்சு வெச்சாலே காய் தாங்கும். பொட்டாஷ்ல கை வெக்காதீங்க, எல்லாரும் அதத்தான் கொறைப்பாங்க.

அடுத்தது வேர்ல கட்டுறது. அசாடிராக்டின் 5 சதம் மருந்து ஏழரை மில்லி, அதே அளவு தண்ணி, பென்சில் மொத்தத்துல உயிரோட இருக்குற வேரா பாத்து சாய்வா சீவி பாலிதீன் பையில வெச்சுக் கட்டணும், வருசத்துக்கு மூணு தடவ. மறுநாள் போய்ப் பாருங்க, பையில மருந்து அப்படியே இருந்தா அந்த வேர் குடிக்கல, வேற வேர் தேடுங்க. கட்டுறதுக்கு முன்னாடி முத்துன காயெல்லாம் எறக்கிடணும், அடுத்த வெட்டு 45 நாள் கழிச்சு.

## அறிகுறி 6: நெல்லு

இலையில மேலருந்து வெளுத்த கோடு, லேசா நூல், தண்ணி காஞ்ச வயல்ல: இலைச் சிலந்தி, தண்ணி கட்டுனா பெரும்பாலும் அடங்கிடும். கதிர்ல பழுப்புக் கறையோட பதரா வருதுன்னா அது பூஞ்சாணமா, இலை உறைக்குள்ள இருக்குற சிலந்திப்பேனா, ரெண்டும் சேந்தான்னு நம்மால சொல்ல முடியாது. நானும் இதுல கை வெக்க மாட்டேன், நேரா வேளாண் ஆபீசருதான்.

## எப்ப ஆளக் கூப்பிடணும்

ரெண்டு வேற வேற மருந்து சரியா அடிச்சும் பதினஞ்சு நாள்ல புதுத் துளிர் கெட்டா வருதுன்னா, வைரஸா களைக்கொல்லியான்னு தெரியலன்னா, வெத்தலக் கொடிக்கால்ல வந்துடுச்சுன்னா. கடைசில சொன்னது ரொம்ப முக்கியம், இலையவே வாயில போட்டு மெல்லுறாங்க, அதுல நம்ம பரிசோதனை வேணாம்.

முதல்ல உங்க வேளாண் டிப்போவுல இருக்குற ஏஓ, அதாவது வேளாண்மை அலுவலர். திருவாரூர் பக்கம்னா நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம், நாகை பக்கம் சிக்கல், தென்னைக்கு வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம், நெல்லுக்கு ஆடுதுறை. நேர்ல போவ முடியாதவங்க கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசு இல்ல, தமிழ்லயே பேசுவாங்க.

போறப்ப காஞ்ச இலையக் கொண்டு போவாதீங்க, காஞ்ச இலையில பேன் நிக்காது, எறங்கிப் போயிருக்கும். பாதி கெட்ட இலை, நுனிக் கொழுந்து, நல்ல இலை ஒண்ணு, மூணையும் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் பையில போட்டா வேர்த்து அழுகிடும். இதுவரைக்கும் அடிச்ச பாட்டிலெல்லாம் வெவரமா லேபிள் தெரிய போட்டோ எடுத்துக்கங்க, எந்தத் தேதியில அடிச்சதுன்னும் காலண்டர் தாள் பின்னாடியாவது கிறுக்கி வெச்சுக்கங்க. அவரு கேக்குற முதல் கேள்வியே அதுதான்.